சுவருக்குள் ஓடிய கம்பி

பாத், இங்கிலாந்து
15-4-1973

அன்புள்ள மாமாவுக்கும் அம்மாவுக்கும் ஜெயலட்சுமி எழுதுவது.

நான் சுகம். குளிர் விட்டுவிட்டது. அம்மா கொடுத்தனுப்பிய கருவாட்டுப் பொடி பத்திரமாக வந்து சேர்ந்தது. டப்பாவைத் திறந்ததும் என்னோடு அறையில் இருக்கும் அயர்லாந்து நர்ஸ் கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போனவள், ராத்திரிச் சாப்பாட்டுக்குத்தான் திரும்பினாள். சுசீலா அக்கா, இது நீளமான கடிதம். இவர்களுக்கு வாசித்துக்காட்ட உட்காருமுன் ஒரு செம்பு தண்ணீர் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

மாமா, போன வியாழக்கிழமை ஒரு வீடு பார்க்கப் போனேன். வாடகைக்கு அல்ல. அதில் யாரும் குடியிருக்கவில்லை. இருநூறு வருஷத்துக்கு முன்னால் பெரிய மனிதர்கள் வாழ்ந்த வீட்டை அப்படியே சீர்செய்து, டிக்கெட் கொடுத்து உள்ளே விடுகிறார்கள். ஜார்ஜ் ராஜாக்கள் காலத்து வீடு என்று சொல்கிறார்கள். முதல் ஜார்ஜ் தொடங்கி நாலாம் ஜார்ஜ் வரைக்கும் அப்பனும் மகனும் பேரனுமாக ஆண்டார்களாம்.

தெருவில் பார்த்தால் ஒரே சுவரில் வரிசையாக வீடுகள், எல்லாம் தேன் நிறக் கல். உள்ளே போனதும் உங்கள் ஞாபகம்தான். நீங்கள் வேலை பார்த்த துரை பங்களாவைப் பற்றிச் சின்ன வயதில் எனக்குச் சொல்வீர்களே, மேஜையில் கத்தி எந்தப் பக்கம், முள் எந்தப் பக்கம் என்று. அங்கேயும் அப்படியே வைத்திருக்கிறார்கள். சாப்பாட்டு அறையில் தட்டு, கண்ணாடிக் கிண்ணம், மெழுகில் செய்த பழங்கள். ஒவ்வொரு அறை வாசலிலும் குறுக்கே ஒரு சிவப்புக் கயிறு. கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றுதான் பார்க்க வேண்டும்.

ஜன்னல் கதவுகள் மடங்கிச் சுவருக்குள்ளேயே ஒளிந்துகொள்கின்றன. மாடியில் பெண்கள் உட்காரும் கூடம். சுவரில் துணி மாதிரி பூப்போட்ட காகிதம். தேயிலையை வைக்க ஒரு பெட்டி, அதற்கு ஒரு பூட்டு, சாவி வீட்டு அம்மாளின் இடுப்பில். கட்டிலைச் சுற்றித் திரை, ஏறிப் படுக்க மூன்று படி. சாப்பாட்டு அறை அலமாரிக்குள் ஒரு பீங்கான் பானை இருந்தது. பெண்கள் எழுந்து மாடிக்குப் போன பிறகு ஆண்கள் சாராயம் குடித்துக்கொண்டே அதில் ஒன்றுக்குப் போவார்களாம். அம்மா காதைப் பொத்திக்கொள்ளட்டும்.

தரைக்குக் கீழே அடுப்படி. இறைச்சியைச் சுட்டுத் திருப்ப ஒரு சக்கரம், அதற்குள் ஒரு நாயை விட்டு ஓடச் சொல்வார்களாம். சுவரில் வரிசையாக ஆறு மணிகள் தொங்கின. மேலே எந்த அறையில் கயிற்றை இழுத்தாலும் கீழே ஒரு மணி ஆடும்.

சுற்றிக் காட்டியவர் மிஸ் பார்லோ என்று எழுபது வயது அம்மாள், கையில் தடி. எங்கள் மாமா துரை வீட்டில் மேஜையில் பரிமாறும் பேரர் வேலை பார்த்தவர் என்று சொன்னேன். 'அப்படியானால் என்னைவிட அவருக்குத்தான் கேள்வி அதிகம் இருக்கும், கேட்டு எழுதச் சொல்' என்றார். ஆகவே கேளுங்கள்.

டிசம்பரில் லீவு கிடைத்தால் வருவேன்.

உங்கள் அன்பு மருமகள்
ஜெயா


காராச்சர்மா, போர்ட் பிளேர்
21-5-1973

கண்ணான மருமகள் ஜெயலட்சுமிக்குத் தங்கையா மாமன் சொல்லச் சொல்ல சுசீலா டீச்சர் எழுதுவது.

இங்கே எல்லோரும் சுகம். மழை பிடித்துவிட்டது. உன் அம்மாவுக்கு முழங்கால் வலிதான், கஷாயத்தில் அடங்கியிருக்கிறது. அவள் கேட்கச் சொல்லும் கல்யாணப் பேச்சை எழுத வேண்டாம் என்று டீச்சரிடம் சொல்லிவிட்டேன். கேட்டதாக மட்டும் நீ வைத்துக்கொள்.

தாயி, உன் கடிதத்தை டீச்சர் மூன்று தரம் வாசித்தார். மூன்றாம் தரம் நானே அந்த வீட்டுக்குள் நடக்க ஆரம்பித்துவிட்டேன். நீ சொன்ன நாலு ஜார்ஜும் எனக்குப் பழக்கமில்லை. எனக்குத் தெரிந்தவர் ரூபாயில் இருந்த அஞ்சாமவர்.

என் கேள்விகளை அந்த அம்மாளிடம் சொல். மேஜைக்கு எத்தனை மெழுகுவர்த்தி? கரி படிந்த மேல்கூரையை யார் துடைத்தது, எதைக்கொண்டு? அடுப்படி கீழே, சாப்பாடு நடுவில், பெண்கள் மாடியில் என்கிறாய். மொத்தம் எத்தனை படி? சூடு ஆறாமல் சூப்பை ஏற்ற எத்தனை ஆள்? அந்தப் பீங்கான் பானையை நீ சிரிப்பாக எழுதிவிட்டாய். அதை யார், எந்த வழியாகக் கொண்டுபோய்க் கொட்டினார்கள் என்று எழுதவில்லை. விருந்தாளிகள் இருக்கும்போதே எடுக்க வேண்டுமா, போன பிறகா? எங்கள் பங்களாவில் இதற்கென்று பின்பக்கம் ஒரு குறுகிய படி உண்டு. அங்கேயும் இருக்கும். சுவர் மாதிரியே காகிதம் ஒட்டி மறைத்திருப்பார்கள். கூடத்துச் சுவரை மெல்லத் தட்டிப் பார்க்கச் சொல்.

நாய்ச் சக்கரத்தைக் கேட்டதும் உன் அம்மா, "அடப்பாவிகளா, அந்த வாயில்லா சீவனுக்காச்சும் கறி போட்டாகளா?" என்றாள். அதையும் கேள்.

இனி மணி விஷயம். மற்ற பங்களாக்களில் துரை கையைத் தட்டுவார், யாரங்கே என்பதற்கு 'கோய் ஹை' என்று கத்துவார். எங்கள் துரைசானி சத்தம் போட மாட்டாள். சீமையில் தன் தாயார் வீட்டில் இருந்த மணிகளைக் கப்பலில் வரவழைத்து, இங்கே மரச் சுவருக்குள் செம்புக் கம்பி இழுத்து மாட்டினாள். அதுவும் ஆறு மணிதான். ஒவ்வொன்றின் மேலும் அறையின் பேரை இங்கிலீசில் எழுதியிருந்தது. எங்களில் யாருக்கும் படிக்கத் தெரியாது. ஆனால் ஒரு நாளும் அறை மாறிப் போனதில்லை. ஆறுக்கும் ஆறு குரல். நின்ற பிறகும் சுருள் கம்பியில் கொஞ்ச நேரம் ஆடிக்கொண்டிருக்கும். கம்பிக்கும் மூலை திரும்பும் இடத்திலுள்ள தகட்டுக்கும் சனிக்கிழமைதோறும் தேங்காயெண்ணெய் போட ஒரு ஆள் இருந்தான். கோழி இறகில் தொட்டுப் போடுவான்.

அந்த வீட்டில் கம்பி வெளியே தெரிகிறதா, சுவருக்குள் ஓடுகிறதா? தகடு எப்படி இருக்கிறது? இன்னொன்று. மணியைக் கழற்றி எடுத்துவிட்டார்கள் என்று வை. சுவரைத் திறந்து கம்பியை மட்டும் பார்க்கிறவனுக்கு அது மணிக் கம்பி என்று தெரியுமா? இதை மறக்காமல் கேள். மற்றதை மறந்தாலும் பரவாயில்லை.

உன் அம்மா பாதியில் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். டீச்சருக்கும் பள்ளிக்கூட மணி அடித்துவிட்டது.

தங்கையா
(பெருவிரல் ரேகை)


பாத்
17-6-1973

அன்புள்ள மாமாவுக்கும் அம்மாவுக்கும்,

மாமா, நீங்கள் இங்கே பெரிய ஆளாகிவிட்டீர்கள். உங்கள் கேள்விகளை இங்கிலீசில் எழுதி எடுத்துப்போனேன். மிஸ் பார்லோ அங்கிருந்த மற்ற இரண்டு அம்மாள்களையும் கூப்பிட்டுச் சத்தமாக வாசித்துக் காட்டினார். மூன்று வருஷமாகச் சுற்றிக் காட்டுகிறார்களாம். வருகிறவர்கள் எல்லோரும் நாற்காலி எந்த மரம், படம் யார் வரைந்தது என்றுதான் கேட்பார்களாம். யார் கொட்டினார்கள் என்று ஒருவரும் கேட்டதில்லையாம்.

படிகளை எண்ண நாங்கள் இருவரும் கீழிருந்து ஏறினோம். அவர் தடியை ஊன்றி ஒவ்வொரு படியிலும் எண்ணைச் சொன்னார். அடுப்படியிலிருந்து கூடம் வரைக்கும் நாற்பத்தெட்டு. மேலே போனதும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார், கயிற்றுக்கு அந்தப் பக்கம். 'இதில் சூப் கிண்ணமும் தூக்கினார்களா' என்று கேட்டார், என்னிடம் கேட்கிற மாதிரி இல்லை.

மறைவுப் படி இருந்தது. நீங்கள் சொன்னபடியே கூடத்து மூலையில், காகிதம் ஒட்டிய கதவு. 'பார்க்காமலே எப்படிச் சொன்னார்' என்று மூன்று தரம் கேட்டார். மெழுகுவர்த்திக் கரியை காய்ந்த ரொட்டித் துண்டால் தேய்த்து எடுப்பார்களாம். நாய்க்குக் கறி போட்டார்களா என்பது எந்தப் புத்தகத்திலும் இல்லையாம். அம்மாவின் கேள்வி அப்படியே நிற்கிறது.

உங்கள் கம்பிக்கு வருகிறேன். சுவருக்குள்தான் ஓடுகிறது. மாடிப்படி ஓரத்தில் ஒரு சின்னப் பலகையைக் கழற்றிக் காட்டினார். எட்டிப் பார்த்தேன். இருட்டில் பென்சில் கோடு மாதிரி ஒரு கம்பி, மூலையில் முக்கோணத் தகடு, தொட்டால் ஆடுகிறது. மணி இல்லாவிட்டால் தெரியுமா என்று கேட்டீர்களே, தெரியாதாம். நாலு வீடு தள்ளி ஒரு வீட்டை உடைத்துக் கட்டியபோது அப்படித்தான் நடந்ததாம். மணிகளை யாரோ என்றைக்கோ விற்றுவிட்டார்கள். சுவருக்குள் வெறும் கம்பியைப் பார்த்த வேலையாள் ஒருவர், ஜெர்மானிய ஒற்றன் வைத்த டெலிபோன் என்று போலீசுக்கு ஓடினாராம். சண்டை முடிந்து எத்தனையோ வருஷம் கழித்து. மிஸ் பார்லோ சொல்லிச் சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

இப்போது என் கேள்வி. நீங்கள் மற்றதையெல்லாம் ஒரு தரம் கேட்டீர்கள், கம்பியை மட்டும் மூன்று தரம். எண்ணெய் போட 'ஒரு ஆள்' இருந்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களோடு அந்தப் பங்களாவில் வேலை பார்த்தது என் அப்பாதானே? அது அவரா? யுத்தத்தில் தீவைப் பிடித்த ஜப்பான்காரர்கள் அப்பாவை அந்த வீட்டிலிருந்துதான் கொண்டுபோனார்கள், அவர் திரும்பவில்லை என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும். அம்மாவிடம் கேட்டால் எழுந்து போய்விடுவாள். உங்களிடம் கேட்டால் அன்றைக்கு மார்க்கெட்டுக்குப் போயிருந்தேன் என்பீர்கள். அன்றைய தினத்தைக் கேட்கவில்லை மாமா. எனக்கு ஒரு வயது ஆகும்வரை அவர் இருந்திருக்கிறார். அவர் என்ன வேலை செய்தார் என்றாவது சொல்லக் கூடாதா?

ஜெயா


ஜெட்டி, போர்ட் பிளேர்
12-7-1973

மருமகள் ஜெயலட்சுமிக்கு,

எழுத்து வேறாக இருக்கிறதே என்று நினைப்பாய். கீழே என் ரேகை இருக்கிறது, பார்த்துக்கொள். இதை எழுதுகிறவர் பக்தவத்சலம் என்கிற ஓவர்சியர். இங்கே வேலை முடிந்து இன்று நாலு மணிக் கப்பலில் குடும்பத்தோடு மெட்ராசுக்குப் போகிறார். இனிமேல் இந்தத் தீவுக்கு வர மாட்டாராம். அதனால்தான் இவரைப் பிடித்தேன். இதை சுசீலா டீச்சரை வைத்து எழுத முடியாது. டீச்சர் எழுதும்போது உன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். எழுத்துத் தெரியாதவனுக்கு ரகசியமாக ஒரு கடிதம் போட வழி இல்லை தாயி. மூன்று கப்பலுக்கு வந்து நின்றேன். இன்றைக்குத்தான் முகம் பார்த்து ஒருவரிடம் கேட்கத் துணிந்தேன்.

எண்ணெய் போட்ட ஆள் உன் அப்பன் பரமசிவம்தான். நான்தான் அவனை அந்தப் பங்களாவில் சேர்த்துவிட்டேன். என் தங்கச்சியைக் கட்டிக்கொடுத்ததும் நான்தான்.

ஜப்பான்காரன் வருகிறான் என்று தெரிந்ததும் துரையும் துரைசானியும் கப்பல் ஏறினார்கள். துரைசானி நகையை எடுத்தாளோ இல்லையோ, ஆறு மணியையும் கழற்றிப் பெட்டியில் வைத்து எடுத்துப்போனாள். தாயார் வீட்டுச் சொத்து. கம்பி சுவருக்குள் நின்றுவிட்டது. பிறகு ஒரு ஜப்பான் ஆபீசர் அந்த வீட்டுக்கு வந்தான். எங்களை வேலைக்கு வைத்துக்கொண்டான்.

மணி போய்விட்டது, கம்பிக்கு எதற்கு எண்ணெய்? நானும் கேட்டேன். "அண்ணே, அந்தம்மா திரும்பி வந்து மாட்டுனா இழுக்கணும்ல. துருப்புடிச்சா இத்தனை வருசமும் போட்டது வீணு" என்றான். சனிக்கிழமை வந்தால் அவன் கை சும்மா இராது. ஒரு வருஷத்துக்கும் மேலே போட்டான்.

நாற்பத்து மூணாம் வருஷம், ஒரு சனிக்கிழமை. காலை பத்து மணி இருக்கும். மாடிப்படி ஓரத்துப் பலகையைக் கழற்றிவிட்டு முழங்கை வரைக்கும் சுவருக்குள் விட்டிருந்தான். ஆபீசர் அன்றைக்கென்று சீக்கிரம் வந்துவிட்டான். பார்த்தான். சுவரைப் பிளந்தார்கள். கம்பி மேலே கூரை வரைக்கும் போகிறது, கீழே வந்து அடுப்படிச் சுவரில் ஒன்றுமில்லாமல் முடிகிறது. அப்போது ஊரெல்லாம் ஒற்றன் தேடிக்கொண்டிருந்தார்கள். வெள்ளைக்காரனுக்கு யாரோ ரேடியோவில் தகவல் சொல்கிறார்கள் என்று பேச்சு.

உன் அப்பன், மணி என்பதற்கு இந்துஸ்தானியில் "கண்ட்டி, சாப், கண்ட்டி" என்று கையை ஆட்டி ஆட்டிக் காட்டினான். ஜப்பான்காரன் பேச்சை மாற்றிச் சொல்லும் துபாசி, மணி எங்கே என்று கேட்டான். மணி இல்லை.

நான் மார்க்கெட்டில் இல்லை தாயி. தட்டு துடைக்கிற துணியோடு கதவுப் பக்கம் நின்றேன். நான் அந்த வீட்டில் மூத்தவன் என்று துபாசி என்னைக் கூப்பிட்டான். "யே தார் க்யா ஹை?" என்று கம்பியைக் காட்டி, இது என்ன கம்பி என்று கேட்டான். அதற்கு முந்தின வாரம்தான், பிடிபட்ட ஒருவனைத் தெரியுமா என்று ஒரு கிளார்க்கைக் கேட்டார்கள். அவன் தெரியும் என்றான். தெரியும் என்றவனையும் சேர்த்துத்தான் கொண்டுபோனார்கள். அதுதான் என் கண்ணில் நின்றது, தெரியாது என்பதே வாயில் வந்தது. "மாலூம் நஹி" என்றேன். இங்கே மணி இருந்ததா, நீ பார்த்தாயா என்று கேட்டான். அதற்கும் "மாலூம் நஹி" என்றேன்.

பரமசிவம் என்னைப் பார்த்தான். கோபமாக இல்லை. நான் கேள்வியைச் சரியாக வாங்கவில்லை என்று நினைத்துக்கொண்டான். "அண்ணே, மணியத்தான் கேக்குறாக" என்று தமிழில் எனக்கு எடுத்துச் சொன்னான். அவன் கடைசியாகப் பேசி நான் கேட்டது அதுதான்.

பதினேழு வருஷம் அந்த மணிக்கு ஓடியவன் நான். எழுதுகிறவர் பேனாவை நிறுத்திவிட்டார். "சொல்லுங்க பெரியவரே, சங்கு ஊதிருவான்" என்கிறார்.

உன் அம்மாவுக்கு இது தெரியாது. அவள் ரேஷன் வரிசையில் நின்றபோது, என் வீட்டுக்காரருக்கு அந்தப் பங்களாவில் சுவர்ச் சந்துகூடத் தெரியும் என்று பெருமையாகப் பேசினாளாம். அதை எவனோ போய்ச் சொல்லிவிட்டான், என் வாய்தான் அவரைக் கொன்றது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். மாயாபந்தரில் இருக்கும் உன் அப்பன் கூடப்பிறந்த அத்தை நாகரத்தினமும் அதைத்தான் நம்புகிறாள். முப்பது வருஷமாக உன் அம்மா கையால் தண்ணீர் வாங்கிக் குடித்ததில்லை. இதெல்லாம் தெரிந்தும் நான் வாயைத் திறக்கவில்லை.

கம்பியைப் பார்த்தாலே மணி என்று தெரிந்துவிடும் என்றால், நான் சொல்லாவிட்டாலும் அவர்களுக்கே தெரிந்திருக்க வேண்டும், தெரிந்தேதான் கொண்டுபோயிருக்கிறார்கள் என்று மனசை ஆற்றலாம் என்று பார்த்தேன். அதற்காகத்தான் உன்னைக் கேட்கச் சொன்னேன். தெரியாது என்று அந்த அம்மாள் சொல்லிவிட்டாள். யாராவது சொன்னால்தான் தெரியும். சொல்ல நான் ஒருவன்தான் இருந்தேன்.

நீ சிரித்தாய் என்று டீச்சர் வாசித்தார். அதில் உன் மேல் தப்பில்லை.

பதில் போட்டால் அது டீச்சர் குரலில் உன் அம்மா காதில் விழும். யோசித்து எழுது. எழுதாவிட்டாலும் சரி.

தங்கையா
(பெருவிரல் ரேகை)


பாத்
9-9-1973

அன்புள்ள மாமாவுக்கும் அம்மாவுக்கும்,

சுசீலா அக்கா, இந்தத் தாளை எல்லோருக்கும் வாசியுங்கள். கூட இருக்கும் உறை ஒட்டியிருக்கிறது. அதை மாமா கையில் கொடுத்துவிடுங்கள். எப்போது, யாரை வைத்துக்கொண்டு வாசிக்க வேண்டும் என்பதை அவர் சொல்வார்.

நான் சுகம். கிட்டத்தட்ட மூன்று மாதம் கடிதம் போடாததற்கு அம்மா கோபிக்க வேண்டாம். வார்டில் வேலை அதிகம் என்று எழுத நினைத்தேன், அது பொய். எழுத உட்கார்ந்து எழுந்துவிடுவேன். மிஸ் பார்லோ, உங்கள் மாமா அடுத்து என்ன கேட்டார் என்று விசாரித்தார். இன்னும் ஒன்றும் கேட்கவில்லை என்றேன்.

ஜெயா

(உறைக்குள் இருந்தது)

மாமா,

உங்களுக்கு என்ன எழுதுவதென்று இன்னும் தெரியவில்லை. கோபமாக எழுதினால், எனக்குச் சோறு போட்டுப் படிக்க வைத்து இங்கே அனுப்பிய கை குறுக்கே வருகிறது. அந்தக் கையை நினைத்துக்கொண்டு எழுதினால், அதில் தட்டு துடைக்கிற துணி இருக்கிறது.

ஆனால் அம்மாவுக்கு இது தெரிய வேண்டும். அது மட்டும் எனக்கு நிச்சயம். தன் வாயால் போனார் என்று ஒரு பெண் முப்பது வருஷம் உங்கள் கண் முன்னால் நடமாடியிருக்கிறாள். நானே எழுதியிருக்கலாம். எழுதினால் சுசீலா அக்காவின் குரலில் போகும். இதை அம்மா உங்கள் குரலில்தான் கேட்க வேண்டும். நீங்கள் சொன்னீர்கள் என்று தெரியும்வரை நான் எழுத மாட்டேன்.

சொல்லிவிட்டீர்களானால் எனக்கு எழுதுங்கள். அந்தச் சனிக்கிழமையை அல்ல, மற்ற நாட்களை. இருநூறு வருஷத்துக்கு முன்னால் யாரோ சாப்பிட்ட தட்டு எனக்குத் தெரியும். என் அப்பா உயரமா குட்டையா என்று தெரியாது. ஆறு மணியில் அவருக்கு எது பிடிக்கும்? பாடுவாரா? அவர் குரல் எப்படி இருக்கும்? என்னைத் தூக்கியிருக்கிறாரா?

ஜெயா


காராச்சர்மா
21-10-1973

ஜெயலட்சுமிக்குத் தங்கையா மாமன் எழுதுவது. எழுதிக்கொடுப்பது சுசீலா டீச்சர்தான். இனி வேறு ஆள் தேட வேண்டியதில்லை.

உன் உறையை டீச்சர் கையில் கொடுத்தார். ஒன்பது நாள் இடுப்பில் முடிந்து வைத்திருந்தேன். பிரித்தாலும் எனக்கு ஒன்றும் புரியப்போவதில்லை. டீச்சரைத் தனியாகக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லியிருக்கலாம். ஆனால் நீ என்ன எழுதியிருந்தாலும், அதைக் கேட்ட பிறகு நான் சொன்னால் நீ சொல்லச் சொன்னதாக ஆகிவிடும் என்று தோன்றியது. அதனால் பிரிக்காமலேயே உன் அம்மாவிடம் சொன்னேன். சாயங்காலம், கிணற்றடியில் சங்கரா மீன் அரிந்துகொண்டிருந்தாள். நின்றுகொண்டே ஆரம்பித்தேன், பாதியில் கீழே உட்கார்ந்துவிட்டேன்.

முழுக்கக் கேட்டாள். "மாலூம் நஹின்னா சொன்ன?"

"ஆமா."

"எத்தனை தடவ?"

"ரெண்டு தடவ."

மிச்சமிருந்த மீனையும் அரிந்து முடித்தாள். சட்டியைக் கழுவிக் கவிழ்த்தாள். பிறகு, "அப்ப நான் வரிசையில நின்னு பேசுனதுனால இல்ல" என்றாள்.

"இல்ல தாயி. நீ பேசுனதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல."

"அதச் சொல்ல ஒனக்கு முப்பது வருசமா?" என்றாள்.

பிறகு மூன்று நாள் சோறு போட்டாள். தட்டைத் தரையில் வைத்துவிட்டுப் போய்விடுவாள். நாலாம் நாள் அவளே போய் டீச்சரைக் கூட்டிவந்து, "அந்த உறையில எம்மக என்னதான் எழுதிருக்கா, வாசிம்மா" என்றாள். டீச்சர் வாசித்தார். நீ கேட்டிருந்த கேள்விகள் வந்ததும் உன் அம்மா எழுந்து போகவில்லை. இந்த முறை உட்கார்ந்திருந்தாள். பதிலில் பாதி அவள் சொன்னதுதான்.

உன் அப்பன் உயரம். அடுப்படி நிலையில் தினமும் தலை இடித்துக்கொள்வான், தினமும் நிலையைத் திட்டுவான். பாட மாட்டான், ஆனால் சீட்டியடிப்பான். ஆறு மணியையும் அதனதன் குரலில் சீட்டியில் அடித்துக் காட்டுவான். ஒரு நாள் துரைசானி படுக்கையறை மணியைச் சீட்டியில் அடித்து என்னை மாடிக்கு ஓடவிட்டான். அந்த அம்மா தலை துவட்டிக்கொண்டு, "கூப்பிடவே இல்லையே தங்கையா" என்றாள். குரல் கொஞ்சம் கரகரப்பு. உன்னைத் தூக்கியிருக்கிறானா என்றா கேட்டாய்? நீ பிறந்த மூன்றாம் நாள், எண்ணெய்க் கையோடு தூக்கினான் என்று உன் அம்மா அன்றைக்கு அவனைப் பேசிய பேச்சு எனக்கு இப்போதும் காதில் இருக்கிறது. அதையும் எழுதச் சொன்னாள். இன்னும் நிறைய இருக்கிறது. எனக்கு மறதி கிடையாது என்பது உனக்குத் தெரியும்.

நேற்று உன் அம்மா மாயாபந்தருக்குப் போட் ஏறினாள், நாகரத்தினத்திடம் சொல்ல. நானும் வருகிறேன் என்றேன். வேண்டாம் என்றாள். மூட்டையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் கூடவே போனேன், அதைத் தடுக்கவில்லை. ஜெட்டியில் ஏறுமுன் மூட்டையை வாங்கிக்கொண்டாள். எப்போது வருவாய் என்று கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. "அங்க நான் சொல்லிக்கிறேன். இங்க யார் கேட்டாலும் நீயே சொல்லு. எனக்காக ஒருத்தரும் மூடி வைக்க வேணாம்" என்றாள். போட் வளைவைத் தாண்டும்வரை கடல் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றாள்.

திரும்பி வரும்போது ஜெட்டி வாசலில் டீக்கடை குழந்தைவேலு, "என்ன தங்கையாண்ணே, பொன்னம்மாக்கா தனியாப் போறாக? ஒங்க ரெண்டு பேரையும் பிரிச்சு நான் பாத்ததே இல்லையே" என்றான். வழக்கம்போல் ஏதாவது சொல்லிவிட்டு பஸ்ஸைப் பிடித்திருப்பேன். பெஞ்சில் உட்கார்ந்தேன். கடையில் இன்னும் நாலு பேர் இருந்தார்கள், அதில் இரண்டு பேர் அந்தக் காலத்து ஆட்கள். அவர்களுக்கும் கேட்கட்டும் என்று கொஞ்சம் சத்தமாகவே ஆரம்பித்தேன்.

தங்கையா மாமன்